முடிச்சுக்கு முன் நின்ற மாப்பிள்ளை

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், நெரிஞ்சிப்பாளையம் திருமண மண்டபத்தில், கெட்டிமேளம் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருக்க, எறிந்த அட்சதை மேலே எழுந்து இன்னும் கீழே விழாதிருக்க, மாப்பிள்ளை தரணிதரன் தாலிக் கயிற்றின் இரு முனைகளையும் மணப்பெண்ணின் பிடரிக்குப் பின்னால் பிடித்து, முதல் முடிச்சுக்கான வளையத்தை இட்டு, அதை இறுக்குவதற்குச் சற்று முன்பாக நின்றுபோனான். அட்சதை விழுந்தது, மேளம் ஓய்ந்தது, அவன் அசையவில்லை. மூச்சு வந்துபோயிற்று, உடம்பில் சூடு இருந்தது, நெற்றியில் வியர்வை துளிர்த்துக் காய்ந்து மறுபடியும் துளிர்த்தது. ஆனால் கண் இமைக்கவில்லை, கை இறங்கவில்லை, குனிந்த தலை நிமிரவில்லை.

"ஹேங் ஆயிட்டாருங்க" என்றார் முதல் வரிசையில் இருந்த ஒருவர். அதில் எவருக்கும் வியப்பில்லை. ரேஷன் கடைக் கருவி நிற்கிறது, வங்கியின் கணினி நிற்கிறது, பேருந்தில் பயணச்சீட்டு அடிக்கும் பெட்டி பாதிச் சீட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வரிசையில் மாப்பிள்ளையும் ஒருவர் என்று கூட்டம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கூட்டத்தில் பாதி, இலை விரிக்கும் ஓசை கேட்டுச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தது.

மணப்பெண் கௌசிகா அந்தக் கயிற்று வளையத்துக்குள் கழுத்தை வைத்தபடி மணையில் இருந்தாள். நின்றுபோன இயந்திரங்களே அவளுடைய பிழைப்பு. கோயமுத்தூரில் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், புதிதாகச் செய்த கணினிப் பலகைகள் ஏன் உறைந்துபோகின்றன என்று கண்டுபிடிப்பதற்காக அவளை வைத்திருந்தார்கள். திரை உறைந்து, விசைப்பலகை செத்து, இயந்திரம் பிணம்போலக் கிடக்கும்போதும், அதன் அடிவயிற்றிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வழியாக எழுத்துக்கு ஓர் எழுத்தாகப் பேச்சு வெளியே வரும். அந்தக் கம்பிக்குச் சீரியல் கன்சோல் என்று பெயர். அந்தப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, எது எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்று சொல்வதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. ஆகவே எல்லாருடைய கண்களும் அவள் பக்கம் திரும்பின.

கூட்டத்தில் எவருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். வளையத்தை இறுக்கும் முன் அவன் அவள் காதருகே குனிந்து ஒன்று கேட்டிருந்தான். தும்மலோ இருமலோ ஆகாத சொல்லோ மணமக்களின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொட்டப்படுவது கெட்டிமேளம். ஆகவே அவன் கேட்டது வேறெவர் காதிலும் விழவில்லை, அவள் காதில் மட்டும் தெளிவாக விழுந்தது.

"உங்களுக்குச் சம்மதந்தானுங்க?"

அந்தக் கேள்வி பல மாதங்களாக ஊரெல்லாம் சுற்றி வந்த கேள்விதான். அவள் அப்பா நாச்சிமுத்துவிடம் கேட்டார்கள், சரி என்றார். தாய்மாமனிடம் கேட்டார்கள், சரி என்றார். சாதகத்தைக் கேட்டார்கள், பெரும்பாலும் சரி என்றது. கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள், வெள்ளைப் பூ வந்தது. அவளிடம் சேலையின் நிறத்தைக் கேட்டார்கள். மாம்பழ மஞ்சள் என்றாள். ஆகவே கேள்வி இறுதியாக அவளிடமே வந்து சேர்ந்தபோது, பதில் இருக்கவேண்டிய இடத்தை அவள் உள்ளே துழாவிப் பார்த்தாள். அங்கே ஆம் என்பதும் இல்லை, மாட்டேன் என்பதும் இல்லை, துடைத்து வைத்த பலகை போல ஒரு வெறுமை இருந்தது. அவள் பேசாதிருந்தாள். அவன் நின்றுபோனான். அந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"ஹேங்தானுங்க. எதுனாலன்னு பாத்துச் சொல்றேன்" என்றாள் கூட்டத்திடம். வேறு எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சடங்கு நடத்தி வைக்க வந்திருந்த அருமைக்காரர் முதலில் ஒரு நெறி வகுத்தார். முடிச்சு இறுகாததால் பெண் இன்னும் மனைவியாகவில்லை. கயிறு கழுத்தைச் சுற்றிவிட்டதால் கன்னியாகவும் இல்லை. முகூர்த்தம் தொடங்கிவிட்டது, முடியவில்லை. முடியாத வரையில் கயிறு வெறுமையைச் சுற்றி நிற்கக் கூடாது. எனவே கௌசிகா குளிக்கவோ உண்ணவோ உறங்கவோ போகும்போது, வளையத்திலிருந்து தலையை உருவிக்கொள்ளலாம் என்றும், அவள் கழுத்து இருந்த இடத்தில் கழுத்துக் குறுகிய பித்தளைச் சொம்பு ஒன்றை நீர் நிறைத்து, முக்காலியின் மேல் முக்காலி ஏற்றி வைக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. மாப்பிள்ளைக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நின்ற அவனுடைய அக்கா வினோதினிதான் அந்தச் சொம்புக்குப் பொறுப்பு. மீதமுள்ள இரண்டு முடிச்சுகளைப் போடவேண்டியவளும் அவளே.

"எந்தம்பி ஒரு முடிச்சுக்கே இப்படி நின்னுட்டான். இதுல எனக்கு ரெண்டு" என்று அவள் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் சலித்துக்கொண்டாள்.

அவனுடைய பிடரியில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, ஒன்பது துளைகள் கொண்ட பழைய மாதிரிச் செருகுவாய் ஒன்று இருப்பதை வியர்வை துடைக்கப் போன அவன் தாய் தெய்வானைதான் காட்டினார்.

"இது பொறக்கறப்பவே இருந்துதுங் அம்மிணி. மச்சம்னு விட்டுட்டோம். எண்ணெ தேச்சா மட்டும் ஊறலெடுக்குதும்பான்."

ஆய்வுக்கூடத்தில் கௌசிகாவின் பக்கத்து மேசைக்காரி நஸ்ரின், பிரியாணி கிடைக்காத கல்யாணம் என்று முன்பே நொந்துகொண்டு முன்வரிசையில் இருந்தவள், கோயமுத்தூர் போய் லேப்டாப்பும் கேபிளும் எடுத்துவந்தாள். கௌசிகா மாம்பழ மஞ்சள் பட்டின் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கழுத்தில் கயிறும் தோள்களுக்கு மேல் அவனுடைய இரு கைகளுமாக இருந்து, கேபிளைப் பின்புறமாக நீட்ட, நஸ்ரின் அதைச் செருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"நேர் கேபிள் எடுத்துட்டு வந்திருக்க" என்றாள் கௌசிகா.

"அதனால என்ன?"

"பேசுற கம்பி பேசுற கம்பியோட சேர்ந்திருக்கு. கேக்குற கம்பி கேக்குற கம்பியோட. ரெண்டு பேரும் பேசுவோம், ஒருத்தருக்கும் கேக்காது. குறுக்கா மாத்தினது வேணும்."

"எங்க வீட்டுல எல்லாமே நேர் கேபிள்தான் போ" என்று சொல்லிவிட்டு நஸ்ரின் மறுபடியும் பேருந்து ஏறினாள்.

குறுக்குக் கேபிள் வந்த பிறகு எழுத்துகள் வந்தன. ஆனால் வேகம் பொருந்தாததால் அவை எழுத்துகளாக வரவில்லை. கட்டங்களும் கொக்கிகளும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும் எறும்புச் சாரிபோல ஓடின. உறவினர்கள் அவளுடைய தோளுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு அதைப் படித்தார்கள். ஓர் அத்தை அதில் குலதெய்வத்தின் சூலத்தைக் கண்டார். ஒரு மாமா அது தெலுங்கு என்றார். மாப்பிள்ளையின் தேங்காய் நார்த் தொழிலகத்தில் வேலை செய்யும் கணக்கர், முதலாளியின் கையெழுத்தைப் போலவே இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். கௌசிகா வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்தாள். இயந்திரங்கள் பேசும் வேகத்திலிருந்து இறங்கி, பழைய இயந்திரங்கள் பேசும் வேகத்திலிருந்தும் இறங்கி, கூச்சமுள்ள ஆண் ஒருவன் புதியவளிடம் பேசும் வேகத்துக்கு வந்தபோது, திரை திடீரென்று தெளிந்தது. அவன் வளர்ந்த மொழியிலேயே அவன் நின்றிருந்தான்.

கை: கயிற்றைப் பிடித்திருக்கிறது.
கால்: மரத்திருக்கிறது.
வாய்: கேட்டுவிட்டது.
செவி: காத்திருக்கிறது.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"என்னாச்சுங் அம்மிணி?" என்றார் தெய்வானை.

"இன்னும் கொஞ்சம் பாக்கணுங்க அத்தை."

நஸ்ரின் அவளை உற்றுப் பார்த்தாள். 

கௌசிகா பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் எந்தப் பலகைக்கும் செய்யாத அளவுக்குப் பார்த்தாள். அவனுடைய நாடித்துடிப்பைப் பார்த்தாள், உடற்சூட்டைப் பார்த்தாள், விளக்கின் வெப்பம் காரணமோ என்று வினோதினியை இரண்டடி பின்னுக்கு நகர்த்திப் பார்த்தாள், தவிலின் அதிர்வு காரணமோ என்று தவில்காரரை மெதுவாக வாசிக்கச் சொல்லியும் வேகமாக வாசிக்கச் சொல்லியும் பார்த்தாள். காரணம் வேறு எதுவாகவேனும் இருந்துவிட வேண்டும் என்று, உள்ளே வெறுமையாக இருந்த அந்த இடத்தைப் பாராமல், அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே போனாள். பார்க்கப் பார்க்க, தான் எதைத் தேடுகிறோம் என்பதும் அவளுக்குக் குழம்பிப்போயிற்று.

இதற்கிடையில் ஆடி பிறந்தது. ஆடியில் எவரும் திருமணம் செய்வதில்லை. மண்டபத்து மேலாளர் ஆறுச்சாமி ஆண்டுதோறும் அந்த மாதத்தில் நாற்காலிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பார். இம்முறை அவர் வர்ண டப்பாவைத் திறக்குமுன் அருமைக்காரரிடம் ஓர் ஐயம் கேட்டார்: ஆனி மாதத்து முகூர்த்தம் இந்தக் கூரைக்கு அடியில் இன்னும் முடியவில்லை அல்லவா? அருமைக்காரர் கண்ணை மூடிச் சிந்தித்து, முடியவில்லை என்றார். அப்படியானால் இந்தக் கூரைக்கு அடியில் கட்டுகிற எந்தத் தாலியும் ஆனி மாதத் தாலிதானே? அருமைக்காரர் மேலும் நெடுநேரம் சிந்தித்து, அதை மறுக்க வழியில்லை என்றார்.

அன்றிலிருந்து ஊரூராகத் திருமணங்கள் வந்தன. நாள் அமையாதவர்கள் வந்தார்கள், நட்சத்திரம் பொருந்தாதவர்கள் வந்தார்கள், வெளிநாட்டு விடுப்பு முடிவதற்குள் கட்டிவிட வேண்டியவர்கள் வந்தார்கள், இரு வீட்டுக்கும் தெரியாமல் வந்து, வந்த இடத்தில் இரு வீட்டாரையும் சந்தித்துக்கொண்டவர்களும் வந்தார்கள். மேடையின் ஒரு பாதியில் தரணிதரன் கயிறும் கையுமாக நிற்க, மறுபாதியில் தாலிகள் ஏறிக்கொண்டே இருந்தன. புது மணமக்கள் அவன் காலைத் தொட்டு வணங்கினார்கள். அவன் முழங்கையில் மஞ்சள் துணி முடிந்தார்கள். அவன் பார்வை விழும் கோட்டில் அமர்ந்து கட்டினால் மணம் நிலைக்கும் என்று அந்தக் கோட்டில் இடம் பிடிக்கத் துண்டு போட்டார்கள். கௌசிகாவைக் கண்டால் மட்டும் குரலைத் தாழ்த்தினார்கள். அவளை என்ன முறை வைத்து அழைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. "இந்தாங்க... பாதி மணவாட்டி, கொஞ்சம் நகருங்க, போட்டோவுக்கு மறைக்குது" என்று ஒரு படக்காரர் சொன்னபோது, அவளும் நகர்ந்தாள்.

"அவசரமே வேண்டாமுங்" என்று ஆறுச்சாமி அவளுக்கு நாள்தோறும் இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். "நிதானமாக் கண்டுபிடிங். தை மாசம் வரைக்கும் பாருங். நல்ல வேலைன்னா நேரமெடுக்குமில்லீங்களா?"

நின்றதை நிறுத்தி மறுபடியும் ஓட்டலாம் என்ற யோசனையை வினோதினியின் கணவர் மயில்சாமி சொன்னார். அவர் விசைத்தறி வைத்திருப்பவர். "எந்தறி நின்னுச்சுன்னா ஆப் பண்ணி ஆன் பண்ணுவனுங். ஓடிரும்."

"பண்ணலாங்க அண்ணா. ஆனா உள்ள எழுதி வெக்காதது எல்லாம் அழிஞ்சிரும்" என்றாள் கௌசிகா.

"எதெது அழியும்?" என்று தெய்வானை முன்னே வந்தார். "நான் இத்தன வருசமா சொல்லிக் குடுத்ததெல்லாமா? செருப்பக் கழட்டி வரிசையா வெக்கறது, தட்டக் கழுவி வெக்கறது, எல்லாமா? வேண்டாமுங் சாமி. அவன் நின்னே இருக்கட்டும்."

ஒருநாள் கௌசிகா சொம்பை வைத்துவிட்டு உண்ணப் போயிருந்தபோது, தெய்வானை லேப்டாப்பைத் திறந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், படித்தார், திரும்பி வந்தவளைப் பார்த்துக் கேட்டார்.

"வாய் கேட்டுருச்சுன்னு போட்டிருக்குதுங். எம்பையன் என்னத்தக் கேட்டான்?"

கௌசிகா மறைக்கத் தெரியாமல் சொன்னாள். "எனக்குச் சம்மதமான்னு கேட்டாருங்க."

 தெய்வானை மண்டபம் முழுதும் கேட்கும்படி சிரித்தார். "இதுக்கா இத்தன நாளு! ஏனுங் சம்பந்தி, இங்க வாங், உங்க பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்கறானாம், ஒரு வார்த்தை சொல்லீருங்!"

நாச்சிமுத்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளைக்கு எதிரே நின்று, "எங்களுக்குப் பரிபூரண சம்மதமுங்க மாப்ளெ" என்றார். திரையில் ஒரு வரி வந்தது: சொல் வந்தது, அனுப்பியவர் வேறு, ஏற்கவில்லை. தாய்மாமன் சொன்னார். அதே வரி வந்தது. அருமைக்காரர் சொன்னார், உண்ண வந்திருந்தவர்கள் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்கள், மேடையின் மறுபாதியில் அப்போதுதான் மணமானவர்கள், வழி கிடைப்பதற்காகவேனும் சொல்லிவிட்டுப் போனார்கள். சம்மதத்தால் மண்டபம் நிறைந்தது. அவன் அசையவில்லை.

"நீ சொல்லு கண்ணு" என்றார் நாச்சிமுத்து, மகளிடம் முதன்முறையாக.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும், சொல்லிவிட்டால் என்ன, சொல்லிப் பார்த்தால்தானே தெரியும் என்று, வளையத்துக்குள் தலையைக் கொடுத்து, "சம்மதங்க" என்றாள். திரையில் வந்த வரியை அவளும் நஸ்ரினும் மட்டும் படித்தார்கள்.

சொல் வந்தது; சொன்னவரோடு பொருந்தவில்லை; ஏற்கவில்லை.

"பாத்தீங்களா, அது காரணமில்ல" என்று கூட்டம் கலைந்தது. நஸ்ரின் மட்டும் தரையில் அவளருகே அமர்ந்தாள்.

"கௌசி, அவரப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு இல்ல."

"அப்பப் பிடிச்சிருக்கு."

"அப்படியும் இல்ல. ரெண்டு தடவை பேசியிருக்கேன். ஒரு தடவை அவரு தேங்காய் நார் பத்திச் சொன்னாரு, நல்லாத்தான் சொன்னாரு. இன்னொரு தடவை சிக்னல் கெடைக்கல."

"அல்லாவே" என்றாள் நஸ்ரின். "ஒரு சார்ஜர் வாங்கறதுக்கு நீ ஒம்பது ரிவ்யூ படிக்கறவ."

அதன்பின் கௌசிகா செய்தது, பழக்கத்தால் செய்தது. காரணம் பிடிபடாதபோது ஆய்வுக்கூடத்தில் செய்வதைப் போல, அவன் செய்வது ஒவ்வொன்றையும் விடாமல் அறிவிக்கும்படி கட்டளை இட்டாள். திரை நிரம்பி வழிந்தது: மூச்சு உள்ளே போகிறது, மூச்சு வெளியே வருகிறது, இடக்கைச் சிறுவிரலில் அரிப்பு, பந்தியில் பருப்பு வாசனை, மூச்சு உள்ளே போகிறது. இத்தனையையும் சொல்லவேண்டியிருந்த அவசரத்தில் காத்திருப்பதை அவன் தவறவிட்டான். அவனுடைய கட்டைவிரல் அசைந்தது. வளையம் சுருங்கத் தொடங்கியது.

"அசையறான்!" என்று அலறினாள் வினோதினி. தவில்காரர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து அடிக்கத் தொடங்கினார், நாகசுரக்காரர் கிடைத்த சுரத்தில் சேர்ந்துகொண்டார், அட்சதை இல்லாததால் பந்தியில் இருந்தவர்கள் வடித்த சோற்றையே வீசினார்கள். கயிறு தன் கழுத்தில் இறுகி வருவதை உணர்ந்த கௌசிகா அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்களில் அவள் இல்லை. தன் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவனின் கண்கள் அவை. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேபிளைப் பிடுங்கினாள். முடிச்சு இறுக அரிசியளவு எஞ்சியிருக்க, அவன் மறுபடியும் நின்றான்.

மண்டபமே அவள் மீது பாய்ந்தது.

"ஏனுங் அம்மிணி, கையில வந்ததத் தட்டி விட்டுட்டீங்களே!"

"அவரு முழிச்சுட்டுக் கட்டலீங்க அத்தை. கணக்கு ஒப்பிக்கறதுல கேட்டது மறந்துபோயி, கை தானாப் போச்சு. கேபிள எடுத்தா மறுபடியும் நின்னுருவாரு."

"எடுக்காதிருந்தாப் போச்சு" என்றார் நாச்சிமுத்து. "கேபிளோடவே இருக்கட்டும். ஊருல மாப்ளைங்க எப்படியெப்படியோ இருக்கறாங்க. உனக்கு அமைஞ்சவரு கேபிளோட இருக்கறாரு. என்ன கெட்டுப்போச்சு?"

"மூச்சு விடறத மட்டுந்தானுங்கப்பா சொல்லீட்டிருப்பாரு. வேற ஒண்ணும் பேச மாட்டாரு."

"உங்கப்பா அந்தளவுக்குக்கூடப் பேசுனதில்ல" என்றார் அவளுடைய அம்மா சுலோச்சனா, பந்தியின் பக்கமிருந்து. எவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாளர் ஆறுச்சாமி ஒருவர்தாம் அவள் பக்கம் நின்றார். அவர் எதற்காக நின்றார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அது அவளுக்கு உதவவில்லை. இரு வீட்டாரும் அமர்ந்து பேசி முடிவெடுத்தார்கள்: ஆடிப்பெருக்கு அன்று காலையில், கேபிளை மாப்பிள்ளையின் பிடரியிலேயே உறுதியாகக் கட்டிவிடுவது, எந்த விசையைத் தட்டுவது என்று பார்த்து வைத்திருந்த மயில்சாமி அதைத் தட்டுவது, மூன்று முடிச்சும் விழுந்தபின் பெண்ணையும் மாப்பிள்ளையையும் லேப்டாப்பையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சியிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது. கௌசிகாவை எவரும் கேட்கவில்லை; அவள்தான் முன்பே சம்மதம் என்று சொல்லியிருந்தாளே.

ஆடிப்பெருக்கு அன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். மேடையின் மறுபாதியிலும் ஒரு திருமணம் இருந்தது. சிவகாசியிலிருந்து வந்தவர்கள், தாலியைத் தட்டில் வைத்து வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கௌசிகா சொம்பை எடுத்து வைத்துவிட்டு, கயிற்று வளையத்துக்குள் தலையை நுழைத்தாள். அரிசியளவே எஞ்சிய அந்த முடிச்சு இப்போது அவள் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது. வினோதினி விளக்கை உயர்த்தினாள். கேபிளை மாட்டி மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டினார்கள். அருமைக்காரர் கையை உயர்த்த, தவில்காரர் தோளைச் சரிசெய்ய, மயில்சாமி ஒற்றை விரலை விசைக்கு மேலே கொண்டுபோனார்.

"இருங்கண்ணா" என்றாள் கௌசிகா. "மேளத்த நிறுத்துங்க."

"இன்னும் அடிக்கவே இல்லீங்களே" என்றார் தவில்காரர்.

"அடிக்காதீங்க."

"மேளமில்லாம எப்படிங்? எவனாச்சும் தும்மித் தொலைச்சா?"

"தும்மட்டுங்க."

மண்டபம் அமைதியாயிற்று. அமைதியானதும், அத்தனை நாள் மேளமும் பந்தியும் மூடியிருந்த சிறு ஒலிகள் எல்லாம் கேட்டன: விளக்குத் திரி பொரியும் ஒலி, சமையற்கட்டில் குழாய் சொட்டும் ஒலி, எங்கோ பின்வரிசையில் ஒரு தும்மல். கௌசிகா திரையைப் பார்க்கவில்லை. உள்ளே அந்தத் துடைத்த பலகையைப் பார்த்தாள். அதில் இன்னும் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. பார்த்தவள் பார்த்ததையே சொன்னாள்.

"எனக்குத் தெரியலீங்க."

அவன் இமைத்தான்.

முதலில் ஒரு முறை. பிறகு, அத்தனை நாளும் இமைக்காததையெல்லாம் சேர்த்து, கண்ணீர் வழியும்வரை பல முறை. உலர்ந்த உதட்டை நாவால் ஈரமாக்கிக்கொண்டு, "செரிங்க" என்றான். பிறகு, "அப்ப இத இறுக்கட்டுங்களா, அவுக்கட்டுங்களா?"

"அதுவும் தெரியலீங்க."

"இறுக்குனா அவுக்கறது கஷ்டமுங். அவுத்தா மறுபடி கட்டிக்கலாம்" என்று, நாரைத் திரித்துப் பழகியவன் சொல்வதுபோலச் சொல்லி, அவன் வளையத்தைத் தளர்த்திக் கயிற்றை அவள் தலைக்கு மேலாகத் தூக்கி எடுத்தான். எடுத்த கைகள் கீழே இறங்கவில்லை, மரத்துப்போயிருந்தன. அவள் எழுந்து, அவனுடைய முழங்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரத் துணியை மடிப்பதைப் போலப் பையப் பைய மடக்கி இறக்கினாள். அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல்முறை.

"முகூர்த்தம் முடியுதுங்!" என்று அருமைக்காரர் கூவினார். அப்போதுதான் மண்டபத்துக்கு விளங்கியது. "கட்டுறா மாப்ளெ, கட்டுறா! ஆடி வந்துரும்!" என்று மேடையின் மறுபாதியில் சிவகாசிக்காரர்கள் தங்கள் பிள்ளையைத் தலையில் தட்ட, அவன் தாலியை எடுத்த வேகத்தில் பெண்ணின் மூக்குத்தியையும் சேர்த்துப் பிடித்து, மேளமில்லாமலே மூன்று முடிச்சையும் தானே போட்டான். ஆறுச்சாமி தூணில் சாய்ந்து அமர்ந்துவிட்டார். நாச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தெய்வானை மகனின் கன்னத்தைத் தடவி, தட்டு கழுவுவது நினைவிருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று தெரிந்ததும், இனி இந்தப் பெண்ணை என்னவென்று சொல்லி ஊருக்குள் கூட்டிப்போவது, கூட்டிப்போவதா இல்லையா என்று வினோதினியிடம் அழத் தொடங்கினார். வினோதினிக்கும் தெரியவில்லை, விளக்கை அணைப்பதா வேண்டாமா என்பதும் தெரியாமல் அதை ஏந்தியபடியே நின்றாள்.

அந்த இரைச்சலின் நடுவே கௌசிகா, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அவனிடம், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உங்களுக்குச் சம்மதங்களா?"

அவன் வாயைத் திறந்தான். அவனிடமும் எவரும் கேட்டிருக்கவில்லை. அவனுக்காகவும் அம்மா சொன்னார், அக்கா சொன்னாள், பூ சொன்னது. திறந்த வாய் மூடிக்கொண்டது. தேய்த்துக்கொண்டிருந்த கைகள் ஓய்ந்தன. பார்வை அவள் முகத்திலேயே தங்கிவிட்டது.

"போச்சு! மறுபடியும் ஹேங்!" என்று யாரோ கத்த, ஆறுச்சாமி தூணிலிருந்து துள்ளி எழ, மயில்சாமி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கௌசிகா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"ஹேங் இல்லீங்கண்ணா" என்றாள். "யோசிக்கறாரு."

சொல்லிவிட்டு, பட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு அவனுக்கு எதிரே அமர்ந்து, காத்திருக்கலானாள்.